நண்பர்கள் போக்கர் மேசை ஏன் கலைகிறது?

"வாராவாரம் சீட்டாடலாம்" என்று உற்சாகமாக ஆரம்பிக்கும் பல மேசைகள் சில மாதங்களில் சத்தமில்லாமல் நின்றுவிடும். கேட்டால் "யாருக்கும் நேரமில்லப்பா" என்பார்கள். நேரம் ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு அடியில் மூன்று எளிய கணக்குகள் இருக்கின்றன.

முதலில் ஆள் கணக்கு. ஆட்டம் சுவையாக இருக்க ஆறு பேராவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பேரை அழைக்கிறீர்கள். ஒவ்வொருவரும் பத்துக்கு ஏழு வாரம் வருவார். சராசரியாக 5.6 பேர், கிட்டத்தட்ட போதும்போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஆறு பேர் சேர்வதற்கான நிகழ்தகவு 55 சதவீதம்தான். ஏறக்குறைய பாதி வாரம் ஆட்டமே நடக்காது. நாலு தடவை ஏமாந்தவர் ஐந்தாவது தடவை வேறு வேலை வைத்துக்கொள்வார். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்தால் அதே நிகழ்தகவு 96 சதவீதம். நாலே நாலு பெயர்தான் கூடுதல். கிழமையை மட்டும் மாற்றவே கூடாது.

அடுத்தது பணக் கணக்கு. போக்கரில் ஒருவர் ஜெயிப்பது இன்னொருவர் தோற்றதுதான். மேசையில் புதிதாகப் பணம் முளைப்பதில்லை. எட்டு பேர் ஆளுக்கு 20 டாலர் போட்டால் மொத்தம் 160. வீட்டுக்காரர் "செலவுக்கு" என்று ஆட்டத்துக்கு 2 டாலர் எடுத்தால், மணிக்கு 20 ஆட்டம் என்றால் 40 டாலர். நாலு மணி நேரத்தில் 160-உம் காலி! எல்லாரும் தோற்றிருப்பார்கள்.

இந்த இடத்தில் டெக்ஸஸ் மாநிலச் சட்டம் சுவாரஸ்யமானது. இன்று உலகமே ஆடும் ஹோல்டெம் வகை போக்கரின் பிறப்பிடம் தங்கள் ஊர் ராப்ஸ்டவுன் என்று 2007-இல் அந்த மாநிலச் சட்டமன்றமே அங்கீகரித்தது. ஆனால் அங்கே சூதாட்டம் குற்றம். குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாக மூன்று விஷயங்களைக் காட்டலாம்: தனிப்பட்ட இடத்தில் ஆடினோம், ஜெயித்த பணம் தவிர யாருக்கும் வேறு ஆதாயம் இல்லை, திறமை, அதிர்ஷ்டம் தவிர எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. சட்டத்துக்காக எழுதியது, ஆனால் நட்பான ஆட்டத்துக்கு இதைவிட நல்ல வடிவமைப்பு விதி கிடைக்காது. சாப்பாட்டுச் செலவைத் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். (சட்டம் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் ஊரில் என்ன என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.)

மூன்றாவதுதான் முக்கியம்: தோற்பவரின் கணக்கு. சதுரங்கத்தில் கெட்டிக்காரர் கிட்டத்தட்ட எப்போதும் ஜெயிப்பார். போக்கர் அப்படியில்லை. கையில் இரண்டு ஏஸ் வைத்திருப்பவர்கூட, இரண்டு ராஜா வைத்திருப்பவரிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்பார். சுமாராக ஆடுபவர் மறுபடி மறுபடி வருவதற்கு இந்த அதிர்ஷ்டம்தான் காரணம். ஆனால் வருஷக்கணக்கில் பார்த்தால் திறமை தெரிந்துவிடும். ஒன்றிரண்டு பேரே தொடர்ந்து இழப்பார்கள். அவர்கள் நின்றுவிட்டால் அடுத்த பலவீனமானவர் இழக்க ஆரம்பிப்பார். பிறகு அவரும் நிற்பார். மேசை கீழிருந்துதான் சரிகிறது.

அதனால் அந்தக் கடைசி ஆளைக் காப்பாற்றுவதுதான் நடத்துபவரின் உண்மையான வேலை. ஒரு இரவில் ஒருவர் இழக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். இழந்தாலும் ஒரு சினிமா, சாப்பாட்டுச் செலவைத் தாண்டக் கூடாது. கடன் சிப்ஸ் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அது மறுநாள் நட்புக்கு வரும் பில். முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தோற்றவர் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று விடியும்வரை துரத்துவார். நடுநடுவே ஒமாஹா மாதிரி வேறு வகை ஆடினால் ஒரே ஆளின் கை ஓங்காது. தோற்றவருக்கு அங்கேயே பாடம் எடுப்பவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவையுங்கள்.

அப்படியும் ஒருவர் வரம்பை ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் முகம் இறுகிப்போயிருந்தால், அவரைச் சீட்டுக்கு அழைக்காதீர்கள். காபிக்கு அழையுங்கள்.