அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் குருதிக் குளுக்கோசு

இன்சுலின் குருதிக் குளுக்கோசைக் குறைக்கும், குளுக்ககன் கூட்டும் எனப் படித்துள்ளீர்கள். பூனாகலையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவருக்கு நீரிழிவு இல்லாவிடினும் இன்சுலின் ஏற்றப்படலாம். ஏன்?

கடும் நோய், காயம், சத்திரசிகிச்சை என்பவற்றின்போது அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. ஈரல் அதிக குளுக்கோசை வெளிவிடுகின்றது. கலங்களில் இன்சுலினின் தாக்கமும் குறைகின்றது. எனவே குருதிக் குளுக்கோசு உயரும். உயர்வு நீடித்தால் கிருமித்தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும்.

அப்படியாயின் சுகதேகியின் அளவுக்கே குறைப்பது நல்லதா? 2001இல் வெளியான பெல்ஜிய ஆய்வொன்று 'ஆம்' என்றது. அதில் 1548 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஆனால் 6104 பேரைச் சேர்த்து, 2009இல் வெளியான 'நைஸ்-சுகர்' ஆய்வின் முடிவு வேறு. 90 நாட்களுக்குள் இறந்தோர்:

• 81–108 அளவை இலக்காகக் கொண்ட குழுவில் 27.5%
• 180 அல்லது அதற்குக் குறைவான அளவை இலக்காகக் கொண்ட குழுவில் 24.9%

(அளவுகள் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்.)

இறுக்கமாகக் குறைக்கும்போது குளுக்கோசு அளவுமீறி வீழ்ந்துவிடும் ஆபத்து அதிகம். மூளையின் பிரதான சக்தி குளுக்கோசே. நாமென்றால் நடுக்கம், பசி என்று சொல்லிவிடுவோம். நினைவிழந்த நோயாளியால் சொல்ல முடியாது. ஆகவேதான் தாதியர் அடிக்கடி குருதியைச் சோதிக்கின்றனர்.

நினைவிற் கொள்க: 180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 140–180க்குள் பேணுவதே இன்றைய பொதுவான முறை. குறைப்பதன்று, சமநிலை பேணுவதே நோக்கம்.

பயிற்சி: நீரிழிவு இல்லாத நோயாளியின் குருதிக் குளுக்கோசு உயர்வதற்கு இரு காரணங்கள் தருக.