சீட்டும் சித்தமும்

பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாணத்தினின்றும் மேற்கே செல்வோர் அடையும் பெருந்தீவின்கண் அமைந்தது வேலணை. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரையே இட்டு லைடன் என வழங்கினர். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட அவர்கள் விட்டுச் சென்றவை கோட்டைகளும் கொம்பறைகளும் மட்டுமல்ல. சீட்டாட்டத்தில் நாம் நாடோறும் வழங்கும் ‘துருப்பு’ என்னும் சொல்லும் அவர்தம் மொழியினின்று வந்ததே எனத் தமிழ்ப் பேரகராதி கூறும். ஆண்டவர் போயினர், அவர் தந்த சொல்லோ இன்றும் வேலணைத் தலைவாசல்களில் உரத்த குரலில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது.

யாழ்ப்பாணத்தாரும் தீவகத்தாரும் தமக்கே உரியதெனக் கருதி ஆடும் சீட்டாட்டம் ‘முந்நூற்று நாலு’ என்பதாம். சிவராத்திரியன்று கண்விழிப்பதற்கு இதனையே துணையாகக் கொள்வாரும் உளர். அக்கண்விழிப்பின் பலன் யாரைச் சேரும் என்பது வேறு வினா. ஏழு முதல் ஆசு வரையுள்ள 32 சீட்டுகளை நால்வர், இருவர் இருவராகக் கட்சி பிரிந்து ஆடுவர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 என்பன புள்ளிகள். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓரினத்துக்கு 76 ஆக நான்கு இனத்துக்கும் 304 ஆகும். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே வழங்கப்படும். அவற்றைக் கண்டவளவில், இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஒருவர் துணிந்து கேட்கவேண்டும். மிகுதியாகக் கேட்டவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தபின்பே எஞ்சிய நான்கு சீட்டுகள் வந்து சேரும்.

பாதியை மட்டும் கண்டு முழுமைக்கும் வாக்குக் கொடுத்தல் என்பதே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. சதுரங்கத்தில் காய்கள் யாவும் இருவர் கண்ணுக்கும் வெளிப்படையாக நிற்கின்றன. அங்கே தோற்றவன் தன் அறிவையன்றி வேறெதனையும் நொந்துகொள்ள இயலாது. சீட்டிலோ ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். ஜோன் வொன் நொய்மன் என்னும் கணித மேதையும் ஒஸ்கார் மோர்கன்ஸ்டேர்ன் என்னும் பொருளியலறிஞரும் 1944 இல் விளையாட்டுக் கோட்பாடு பற்றிய பெருநூலை வெளியிட்டபோது, சதுரங்கத்தை விடுத்துப் போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே விரிவாக ஆராய்ந்தமைக்குக் காரணம் இதுவே. வாணிகமும் போரும் போக்கரையே ஒத்தவை. மறைவானவற்றை ஊகித்தே அங்கும் முடிவு செய்யவேண்டியுள்ளது.

மறைவானது உள்ள இடத்தில் மனம் சும்மா இருப்பதில்லை. “இன்றைக்கு எனக்குச் சீட்டு வருகுதில்லை” என்னும் முறைப்பாட்டைக் கேளாத சீட்டுக் களம் இல்லை. அம்முறைப்பாட்டைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 32 சீட்டுகளிலிருந்து நான்கு சீட்டுகளை 35,960 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஒரு ஜாக்கியேனும் இல்லாதவை 20,475. எனவே, முதல் நான்கு சீட்டில் ஜாக்கி இல்லாமற் போவது நூற்றுக்கு 57 தடவை நிகழும் சாதாரண நிகழ்ச்சியே. தொடர்ந்து ஐந்து கைகளிலும் ஜாக்கி வாராதிருப்பதும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு தடவை நிகழக்கூடியது. நால்வர் விடியுமட்டும் ஆடும் ஓரிரவில் எவரேனும் ஒருவருக்கு இது நேராதிருந்தாலன்றோ வியப்பு! ஆயினும் அது தனக்கு நேர்ந்தபொழுது அதனைக் கணக்கென்று கருதுவார் இலர். கண்ணூறு என்பர், இருந்த இடத்தின் தோஷம் என்பர், இடம் மாறியும் அமர்வர்.

வேலணையின் புகையிலைத் தோட்டக்காரனிடம் இவ்வகையில் கற்கவேண்டியது உண்டு. கன்று நடும் காலமும், எருவின் அளவும், நீர் இறைக்கும் முறையும் அவன் கையில் உள்ளன. மழையும் சந்தை விலையும் அவன் கையில் இல்லை. நன்கு பயிரிட்டும் ஓராண்டு நட்டப்படுவான். அதற்காகத் தான் எரு இட்ட முறை பிழையென அவன் முடிவு கட்டுவதில்லை. செய்த செயலை வேறாகவும் விளைந்த பயனை வேறாகவும் வைத்து நோக்கும் அவ்வுழவனே, மாலையில் சீட்டைக் கையில் எடுத்ததும் அந்நிதானத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வருகின்றான். போக்கரிலும் இதுவே நிலை. அங்கே கைச்சீட்டு இரண்டும் ஆசாக வருதல் 221 தடவைக்கு ஒருமுறையே. அவ்வாறு பெற்றவன், இரண்டு இராசாக்களை உடையவனோடு முழுப்பணத்தையும் வைத்து மோதினால், நூற்றுக்கு 82 தடவை வெல்வான். எஞ்சிய 18 தடவையும் அவன் செய்தது சரியே, ஆயினும் தோற்பான். அப்பதினெட்டைப் பொறுக்கமாட்டாமையே பலர் கெடுதற்கு வாயில்.

பொறுக்கமாட்டாத அந்நிலைக்குப் போக்கர் ஆடுவோர் ‘டில்ட்’ என்று பெயரிட்டுள்ளனர். சாய்தல் என்பது அதன் பொருள். குண்டுகள் உருளும் ஒருவகை விளையாட்டுப் பொறியை ஆடுபவன் சினந்து உலுக்கினால், அது சாய்வு எனக் காட்டித் தன் இயக்கத்தை நிறுத்திவிடும். அதிலிருந்தே இச்சொல் பிறந்தது. பொறியாவது நின்றுவிடுகின்றது. மனிதன் நிற்பதில்லை, சாய்ந்தவாறே மேலும் மேலும் ஆடுகின்றான். பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும், சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்தால் நினைவழிவும், நினைவழிவால் புத்திநாசமும் உண்டாமெனக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் கூறும் படிமுறையை ஒரு சீட்டுக் களத்திலே அரைமணி நேரத்தில் முழுமையாகக் காணலாம். இவற்றுள் நினைவழிவு என்பதைக் கருதுக. சினம் கொண்டவன் முதலில் இழப்பது, இதுவரை எந்தெந்தச் சீட்டுகள் இறங்கின என்னும் நினைவையே. முந்நூற்று நாலில் அதனை இழந்தவன் ஆட்டத்தையே இழந்தவனாவான்.

இழந்தவன் எழுந்து போகாதது ஏன்? திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையிலே சூது என்னும் 94 ஆம் அதிகாரத்தை வைத்தார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், இழக்குந்தோறும் சூதின்மேற் காதல் மிகுவது போலவே துன்பம் உறுந்தோறும் உடலின்மேல் உயிருக்குக் காதல் மிகும் என்னும் கருத்தை அமைத்துள்ளார். உவமையாக வைத்தமையால், இழப்புப் பெருகப் பெருகச் சூதின்மேல் விருப்பும் பெருகும் என்பது அவர் காலத்தாருக்கு விளக்கம் வேண்டாத உண்மையாக இருந்தது என அறியலாம். 1979 இல் டானியல் கானமன், ஏமொஸ் ட்வேர்ஸ்கி என்னும் உளவியலறிஞர் இருவர் இதனைச் சோதனையால் நிறுவினர். 3,000 பணம் உறுதியாகக் கிடைத்தல், 4,000 பணம் நூற்றுக்கு 80 வாய்ப்போடு கிடைத்தல் என்னும் இரண்டினுள் நூற்றுக்கு 80 பேர் உறுதியானதையே தேர்ந்தனர். அவ்வினாவையே இழப்பாக மாற்றி, 3,000 ஐ உறுதியாக இழத்தல், அன்றேல் 4,000 ஐ இழக்க நூற்றுக்கு 80 வாய்ப்பு என வைத்தபோது, 92 பேர் இரண்டாவதைத் தேர்ந்தனர். கணக்கின்படி அது நட்டம் கூடிய வழி. எனினும், நட்டத்தை ஏற்றுக்கொண்டு எழுவதிலும், அது நீங்கிவிடக்கூடும் என்னும் சிறு நம்பிக்கையைப் பற்றிக்கொள்வதே மனத்துக்கு இனிதாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் நளன் கதையை நினைவுகூர்தல் பொருந்தும். புகழேந்தியின் நளவெண்பாவாலும் அதிவீரராம பாண்டியரின் நைடதத்தாலும் தமிழ்நாடெங்கும் பரந்த அக்கதை, சூதின் தீமையைக் கூறுவதென்றே பள்ளிகளிற் கற்பிக்கப்படுகின்றது. அது முழு உண்மையன்று. பாரதத்தின் வனபருவத்தில் நளோபாக்கியானத்தைக் கற்போர், சூதாடியின் மனநிலை மாறும் வகையை அதிலே காண்பர். கலி புகுந்தபின் நளன் ஆடுகின்றான், அமைச்சரும் தமயந்தியும் தடுத்தும் கேளாது ஆடுகின்றான், அரசை இழக்கின்றான். ஆயினும், தமயந்தியைப் பணயமாக வை எனப் புட்கரன் கூறியபோது, வையாது எழுந்து செல்கின்றான். தருமன் அவ்வாறு எழவில்லை. தம்பியரையும் தன்னையும் திரௌபதியையும் வைத்தான். கலி பிடித்த நளனிடத்தும் ஓர் எல்லை இருந்தது. தருமமே உருவானவனிடத்து அந்த எல்லை இல்லாமற் போனமை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

பின்னர் நளன் வாகுகன் என்னும் பெயரோடு இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாகின்றான். விதர்ப்பத்துக்குச் செல்லும் வழியில் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைக் கண்டு, அதன் இலைகளையும் காய்களையும் ஓடும் தேரிலிருந்தே கணக்கிட்டுச் சொல்கின்றான். முற்காலத்தில் சூதாடப் பயன்பட்ட காய்கள் தான்றிக் காய்களே என்பதை இங்கே மறத்தலாகாது. நளன் தேரை நிறுத்தி, மரத்தை வீழ்த்தி எண்ணிப் பார்த்தே அக்கணக்கை நம்புகின்றான். குதிரையின் நுட்பத்தைக் கொடுத்து எண்ணின் நுட்பத்தைப் பெறுகின்றான். அந்நுட்பம் உள்ளே புகுந்த கணத்திலேயே கலி அவனை விட்டு வெளியேறுகின்றது. தவத்தாலோ மந்திரத்தாலோ அன்றி, எண்ணறிவு வந்தவிடத்து மயக்கம் நீங்கிற்றெனப் புலவர் அமைத்தமை வியக்கத்தக்கதே. புட்கரனோடு இரண்டாம் முறை ஆடிய நளன் ஒரே எறிவில் வென்றான். வென்றபின் அவனைக் கொல்லாது பொறுத்து விடுத்தான். அதன்பின் ஆடவும் இல்லை.

இனி, முந்நூற்று நாலுக்கே உரிய இடர் ஒன்றுண்டு. போக்கரில் ஒருவன் தன்னையே நோகவேண்டும். இங்கேயோ எதிரே ஒரு கூட்டாளி இருக்கின்றார். தாம் துருப்பை இறக்கவேண்டிய நேரத்தில் இறக்காதவர், கூட்டாளி போட்ட பத்தைக் குறை கூறுவார். மைத்துனர்மார் இருவர் ஒரு கை ஆட்டத்தால் ஒரு கிழமை பேசாதிருப்பதும் உண்டு. கூட்டாளியைக் கடிந்தவுடன் அவர் அஞ்சி ஆடத் தொடங்குகின்றார். அஞ்சியவர் குறைத்துக் கேட்கின்றார். நல்ல கையும் வீணாகின்றது. எனவே தேர்ந்த ஆட்டக்காரர் பிழையை அவ்விடத்தே பேசார். கட்டுக் கலைந்தபின் அல்லது மறுநாள், நடந்ததை ஒவ்வொரு சீட்டாக மீட்டுப் பார்ப்பர்.

வெற்றியின் மயக்கம் தோல்வியின் மயக்கத்திற் குறைந்ததன்று. ஆனால் வென்றவனுக்கு எவரும் புத்தி சொல்லார். ஆதலின் அது மெல்ல வெளிப்படும். இரண்டு கை தொடர்ந்து வென்றவன் மூன்றாவதில் தன் சீட்டைப் பார்த்துக் கேட்பதில்லை. தன் யோகத்தைப் பார்த்துக் கேட்கின்றான். இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. 1913 ஓகத்து 18 ஆம் நாள் மொன்டி கார்லோச் சூதாட்ட மண்டபத்தில் சுழல்வட்டத்தின் குண்டு 26 தடவை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்பே வரவேண்டும் என எண்ணி ஒவ்வொரு தடவையும் சிவப்பில் வைத்தோர் பெரும்பணம் இழந்தனர். குண்டுக்கு நினைவு இல்லை என்பதை அவர்கள் நினையாதொழிந்தனர்.

மனத்தைக் காக்கும் வழிகளாகத் தேர்ந்தோர் கூறுவன மிக எளியவை, எளியவையாதலினாலேயே கைக்கொள்ளப்படாதவை. எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு இழந்தால் எழுவது என்பவற்றை அமருமுன் தீர்மானித்தல் முதன்மையானது. அமர்ந்தபின் தீர்மானிப்பவன் வேறொருவன். அவனை நம்புதல் கூடாது. பசித்தும், உறக்கமின்றியும், குடித்தும் ஆடாமை அடுத்தது. பெரிய தோல்வியின்பின் ஒரு கை ஆடாது விலகிச் சென்று கிணற்றடியில் முகம் கழுவி வருதல் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயின் சினத்தின் முதல் வேகம் தணிவதற்குச் சில நிமிடங்களே போதும். வீட்டுக்கு வேண்டிய பணத்தைக் களத்துக்குக் கொண்டு வாராமை எல்லாவற்றினும் தலையாயது. அடுப்பெரிய வேண்டிய காசை எதிரில் வைத்துக்கொண்டு அமைதியாக இருத்தல் ஞானியர்க்கும் அரிது.

இங்கே ஒன்றை மறையாது கூறல்வேண்டும். மனவமைதி ஆட்டத்தைத் திருத்தும். எதிராகக் கட்டப்பட்ட கணக்கைத் திருத்தாது. மொன்டி கார்லோச் சுழல்வட்டத்தில் 37 எண்கள் உள்ளன. ஓரெண்ணில் வைத்து வென்றவனுக்கு வைத்ததன் 35 மடங்கே கொடுபடும். எவ்வளவு நிதானமாக ஆடினும் நூறு ரூபாவுக்கு ஏறத்தாழ 2 ரூபா 70 சதம் மண்டபத்தையே சேரும். சித்தத்தை அடக்கியவனும் அங்கே அடக்கத்தோடு இழப்பான். போக்கரிலும் மண்டபத்தார் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வர். ஆதலின் ஆடுவோர் அனைவரும் இழந்ததன் கூட்டுத்தொகை, வென்றோர் பெற்றதினும் என்றும் மிகுதியே.

சட்டமோ வேறொரு வினாவை எழுப்புகின்றது: ஆட்டம் திறமையா, அதிட்டமா? இலங்கையில் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளைச்சட்டம் 1889 இல் வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1967 இல் றம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமெனக் கொண்டது. 2022 இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையவழி றம்மியையும் போக்கரையும் அதிட்ட ஆட்டங்களெனத் தடுத்தது. அப்பகுதி செல்லாதென 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 இல் இந்தியப் பாராளுமன்றம் திறமை, அதிட்டம் என்னும் வேறுபாட்டையே விடுத்து, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்தது. மருத்துவரோ இவ்வினாவுக்குள் நுழைவதில்லை. 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் சூதாட்ட நோயைப் போதைப் பழக்கங்களின் வரிசையிற் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் அதற்கு இடமுண்டு. கள்ளுக்கு அருகே சூதை வைத்த வள்ளுவர் வரிசை அவ்வாறே அமைந்துள்ளது.

1990 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் போரினால் பெயர்ந்த தீவகத்தார், ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பரிசுக்கும் முந்நூற்று நாலையும் உடன் கொண்டு சென்றனர். பனிக்காலத்து ஞாயிறு மாலைகளில் அங்கும் அவர் நால்வராய்க் கூடுவர். அவ்வாட்டம் நடப்பதற்கு நால்வர் வேண்டும். ஒருவருக்கு வேலைக்குச் செல்லும் நேரம் வந்துவிட்டால், அல்லது உள்ளிருந்து மனையாள் இரண்டாம் முறை அழைத்துவிட்டால், மற்ற மூவரும் சீட்டைக் கட்டி வைக்கத்தான் வேண்டும். கைபேசியிற் பணம் வைத்தாடும் இளைஞனுக்கு எதிரே கூட்டாளி இல்லை, கோபிப்பாரும் இல்லை, அழைக்கும் குரல் அவன் அறைக்குள் எட்டுவதும் இல்லை. அவன் ஒருவனே போதும், விடியும்வரையில் ஆட்டம் நடப்பதற்கு.