தண்ணீர்மலைப் படியும் தொடையின் மின்சாரமும்

பினாங்கு தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க 513 படிகள் ஏற வேண்டும். தைப்பூசத்தன்று காவடியும் பால்குடமும் சுமந்து ஏறுகிறவர்களுக்குப் பாதி வழியிலேயே தொடை கனத்துவிடும். எவ்வளவு களைத்திருக்கிறாய் என்று அந்தத் தொடையையே கேட்க முடியுமா? கேட்கலாம். பதிலைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல்.

நரம்பின் கட்டளை வந்ததும் தசை இழைகளில் ஒரு மின் அலை ஓடுகிறது. வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர். தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடித்து வரைவதுதான் இ.எம்.ஜி. தசை களைக்கக் களைக்க இழைகளைச் சுற்றிப் பொட்டாசியம் தேங்கும், உள்ளே அமிலத்தன்மை கூடும், அலையின் ஓட்டம் தளரும். அலைகள் அகன்று அதிர்வெண் இறங்கும். ஜெர்மானிய உடலியல் அறிஞர் ஹான்ஸ் பைப்பர் 1912இலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்.

நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பிடித்திருப்பவரிடம் இந்தச் சோதனை அழகாகப் பலிக்கும். படியேறுகிறவர் கதை வேறு. அடிக்கு அடி தசை நீண்டு குறுகுகிறது. மின்முனைக்கு அடியில் இழைகள் நழுவுகின்றன. களைப்பே இல்லாமலும் அதிர்வெண் மாறுகிறது. அதனால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் ஒரே கோணத்தில் மடங்கும் கணத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிடுகிறார்கள். எந்த நொடியில் எந்த அதிர்வெண் என்று பிரித்துக்காட்டும் வேவ்லெட் கணக்கு இதற்குக் கைகொடுக்கிறது. கம்பி ஆடுவதால் வரும் இரைச்சலை வடிகட்டிவிடலாம். பினாங்குப் புழுக்கத்தில் வழியும் வியர்வை மின்முனையையே கழற்றிவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது!

இன்னொரு குழப்பம், சூடு. சூடேறிய தசையில் அலை விரைந்து ஓடும், அதிர்வெண் ஏறும். களைப்பு இறக்குவதை வெப்பம் ஏற்றிவிட்டால், வரைபடம் ஒன்றுமே நடக்காததுபோல் கிடக்கும். களைப்பை ஒற்றை எண்ணாகச் சொல்லும் கருவிகளை நான் அவ்வளவாக நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த புதிர் இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்குகிறது. அதே விசைக்குக் குறைவான இழைகளே போதும் என்பதால் இ.எம்.ஜி. அடங்கியிருக்கும், மூச்சும் வாங்காது. ஆனால் இயங்கும் அந்தச் சில இழைகள்மீது சுமை கூடி நுண்ணிய சேதம் விழுகிறது. ஓரிரு நாள் கழித்து உச்சம் தொடும் தொடைவலிக்கு ஏற்றத்தின்மேல் பழிபோடுகிறோம். பெரும்பாலும் அது இறக்கத்தின் வேலை. பூசத்துக்கு ஓரிரு வாரம் முன்பே ஒருமுறை ஏறி இறங்கிவிட்டால், அடுத்த தடவை வலி வெகுவாகக் குறையும்.