மாற்றுச் சிறுநீரகம்: மாத்திரையும் வேணும், உஷாரும் வேணும்!

‘கிட்னி மாத்தியாச்சு, இனி மாத்திரை எதுக்கு?’ கங்கைகொண்டான் பக்கம் யாராவது இப்படிக் கேட்டால், தடுத்துச் சொல்லுங்கள்: நிறுத்தினால் புதுக் கிட்னியே போய்விடும்!

வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்று ஆபரேஷன் வெற்றி பெற்றது. புது உறுப்பை உடம்பு ஒதுக்கிவிடாதபடி, எதிர்ப்புச் சக்தியை மாத்திரைகள் அடக்கி வைக்கின்றன. அதனாலேயே புற்றுநோய்ச் செல்கள், சில வைரஸ்கள் மீதான காவலும் தளர்கிறது. 1,75,732 உறுப்பு மாற்றுகளை அலசிய அமெரிக்க ஆய்வில் (2011) புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 2 மடங்கு!

பயம் வேண்டாம். கழுத்து, அக்குளில் கட்டி, ஆறாத புண், விடாத காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு... எதுவானாலும் உடனே டாக்டரிடம் போங்க. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அவசியம். நெல்லை வெயிலுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும். புகையிலை? கூடவே கூடாது!