ஒலியை அளக்கும் கைக்கருவி

வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. காற்றழுத்தத்தை அளக்கப் பாரமானி உண்டு. அவ்வாறே இரைச்சலை அளக்கவும் ஒரு கருவி உண்டு. கையில் எடுத்துச் செல்லத்தக்க அந்த ஒலிமட்டமானியின் உள்ளே நிகழ்வது யாது என்பதை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வளர்ந்தது தில்லி மதராசி கேம்ப்பில். நிஜாமுதீன் ரயில் நிலையத்திற்கு அருகே, பாராபுல்லா நாலாவின் கரையில் இருந்த தமிழர் குடியிருப்பு அது. ரயில் போகையில் பேச்சை நிறுத்தி, போன பின் தொடர்வது எங்களுக்குப் பழக்கம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. எங்கள் சந்தில் அஃது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்த எவரும் அளந்ததில்லை. 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. இனி அளக்கவும் வழியில்லை.

கருவிக்கு வருவோம். அதன் காது ஒலிவாங்கி. மெல்லிய சவ்வும், அதன் பின்னுள்ள உலோகத் தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. ஒலியலை சவ்வை அசைக்கும்போது இடைவெளி மாறுகிறது; மின்னூட்டம் மாறாதிருப்பதால் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. நல்ல ஒலிவாங்கி 94 டெசிபலுக்கு, அதாவது 1 பாஸ்கல் அழுத்தத்திற்கு, ஏறக்குறைய 50 மில்லிவோல்ட் தரும். 34 டெசிபலில் கிடைப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே.

இந்தச் சிறு மின்தேக்கியை நீண்ட கம்பியில் நேரே இணைத்தால் சைகை வழியிலேயே நலிந்துவிடும். ஆகவே அதை ஒட்டியே ஒரு முன்பெருக்கியை வைக்கிறார்கள். அதிலுள்ள புலவிளைவு டிரான்சிஸ்டர், ஒலிவாங்கியிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. அதன் பின் வரும் பெருக்கி சைகையை வேண்டிய அளவுக்கு உயர்த்துகிறது.

அடுத்தது வடிகட்டி. நம் செவி தாழ்ந்த சுருதிகளை மந்தமாகவே கேட்கும். மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்ட ‘ஏ’ வடிகட்டி அதைப் போலச் செய்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அப்படியே விட்டு, 100 ஹெர்ட்ஸை 19 டெசிபலும், 50 ஹெர்ட்ஸை 30 டெசிபலும் குறைக்கிறது.

இப்போது சைகை நேர்மாறாகவும் எதிர்மாறாகவும் அலைகிறது. அப்படியே சராசரி கண்டால் சுழியமே வரும். எனவே ஒரு சுற்று அதை இருமடியாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்கிறது. சராசரியின் காலத்தை நாமே தேர்ந்து கொள்ளலாம்: ‘வேகம்’ எனில் நொடியில் எட்டில் ஒரு பங்கு, ‘மெது’ எனில் ஒரு நொடி.

இறுதியில் மடக்கைச் சுற்று. டிரான்சிஸ்டரின் மின்னழுத்தம் அதன் மின்னோட்டத்தின் மடக்கையைப் பின்பற்றும் இயல்பு இங்கே பயன்படுகிறது. அதனாலேயே பத்து லட்சம் மடங்கு அழுத்த வேறுபாடு 0 முதல் 120 வரையிலான அளவுகோலில் அடங்குகிறது. இக்காலக் கருவிகள் பலவற்றில் சைகை எண்களாக்கப்பட்டு, இவ்வேலைகளை ஒரு சில்லு கணக்கிட்டே முடித்துவிடுகிறது, முறை மாறவில்லை.

இதனின்று இரண்டு செய்திகள் பெறப்படும். வரம்பு 55, அளவு 58 என்றால், மூன்றுதானே கூடுதல் என்று எண்ணுதல் கூடாது, ஒலியாற்றல் இருமடங்காகிவிட்டது. அடுத்து, விதிகள் கேட்பது ‘ஏ’ அளவு. சரக்கு வண்டி போகையில் சுவரை அதிர வைக்கும் உறுமலில் பெரும்பகுதியை அந்த வடிகட்டி கழித்துவிடும். தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ அளவையும் உடன் குறித்தால்தான் அந்த உறுமல் தாளில் ஏறும்.

இருப்புப் பாதை ஓரத்தில் வாழ்வோர் தில்லியில் இன்னும் பலர். நம் சங்கத்தில் இயற்பியல் பயிலும் நண்பர்கள் துறையின் அனுமதியுடன் ஒரு கருவியைப் பெறலாம். 94 டெசிபல் தரும் சரிபார்ப்பானால் அளப்பதற்கு முன்னும் பின்னும் சோதித்து, நாள், நேரம், இடம் குறித்து அளந்து வரலாம். விதிகள் பார்ப்பது நேரச் சராசரியை. ஆகவே ஒரு ரயிலோடு நிறுத்தாமல் ஓர் இரவு முழுவதும் அளக்க வேண்டும். வர விரும்புவோர் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.