வேகம் கூடினால் வெப்பமும் கூடும்!

காட்கோபரில் தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை வீடுகள் ஏராளம். அவற்றிலும் இன்று மேஜைக் கம்ப்யூட்டர் இடம் பிடித்திருக்கிறது. அப்பா தவணை கட்டி வாங்கிக் கொடுத்தது. அதைக் காசு செலவில்லாமல் இன்னும் வேகமாக ஓட வைக்க முடியுமா என்பது பிள்ளைகளின் ஆசை.

முடியும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரை, தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட வைப்பதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர்.

1998-ல் வந்த இன்டெல் 'செலரான் 300ஏ' இதில் பெயர் பெற்றது. மலிவு விலை, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டின் துடிப்பை 66-லிருந்து 100 ஆக மாற்றியதும் 450-ல் ஓடியது!

வோல்டேஜ் கணக்கு

வேகத்தை மட்டும் கூட்டினால், ஓர் அளவுக்கு மேல் கம்ப்யூட்டர் நடுவிலேயே நின்றுவிடும். அதைத் தடுக்க வோல்டேஜைக் கூட்டுவார்கள். அங்கேதான் ஆபத்து.

வேகம் 10 சதவீதம் கூடினால் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே கூடும். ஆனால் வோல்டேஜ் 10 சதவீதம் கூடினால் வெப்பம் 21 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் 33 சதவீதம். 100 வாட் வெப்பம் 133 வாட் ஆகிவிடும்.

பிராசஸரைக் குளிர்விப்பது அறைக் காற்றுதான். 25 டிகிரி அறையில் 80 டிகிரியில் நிற்கும் பிராசஸர், 35 டிகிரி அறையில் 90-ஐ நெருங்கும். 100 டிகிரி வாக்கில் பல பிராசஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் வீண்!

மீளாத சேதம்

வெப்பம் தணிந்துவிடும், அதிக வோல்டேஜ் செய்த சேதம் மீளாது. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை பிராசஸர்களில் சில, ஓவர்கிளாக் செய்யாமலே பழுதாயின. அளவுக்கு மீறிய வோல்டேஜே காரணம் என்று 2024-ல் அந்த நிறுவனமே அறிவித்தது. திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. வீட்டில் நாமே வோல்டேஜைக் கூட்டிக் கெடுத்தால் உத்தரவாதம் கிடைக்காமல் போகலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் தூசியைத் துடைக்க வேண்டும். காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்ற வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. நல்ல கூலர் வேண்டுமானால் கிராண்ட் ரோடு நிலையம் அருகே லாமிங்டன் ரோட்டுக் கடைகள் இருக்கின்றன.

பிறகே வேகம். எல்லாப் பிராசஸரும் இதற்கு இடம் கொடுக்காது. இன்டெல்லில் பொதுவாகப் பெயரில் 'கே' எழுத்து உள்ளவைதான் கொடுக்கும். வோல்டேஜைத் தொடாமல், வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கடுமையாக வேலை வாங்கி, வெப்பத்தைப் பார்க்க வேண்டும். 85 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி இறங்குவது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. பிராசஸர் இடம் கொடுத்தால், அதே வேகத்தில் வோல்டேஜை 5 சதவீதம் குறைத்துப் பார்க்கலாம். வெப்பம் ஏறக்குறைய 10 சதவீதம் தணியும். கம்ப்யூட்டர் தடுமாறினால் பழைய அளவுக்கே திரும்பலாம். மே மாதத்துத் தகரக் கூரைக்கு ஏற்ற வழி இதுவே.