தொடக்கம் கரைந்த ஒலி

கிட்டார் தந்தியை நகத்தால் சுண்டும்போது முதலில் கேட்பது ‘டிங்’ என்ற ஒரு சின்னக் கீறல். கண் இமைப்பதற்குள் அது போய்விடும். அதன் பிறகுதான் சுரம் நின்று ஒலித்து, மெல்லத் தேய்கிறது. இது கிட்டார், அது பியானோ என்று காது பிரித்தறிவதற்குப் பெரிதும் உதவுவது அந்த முதல் கீறல்தான். பதிவு செய்த பியானோ ஒலியின் தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டினால், இது ஆர்மோனியமா, வேறு ஏதாவதா என்று பழகிய காதும் தடுமாறும்.

இங்கிலாந்தின் ரெடிங் நகரத்திலிருந்து வந்த ஸ்லோடைவ் என்ற குழு, 1993இல் ஓர் ஆல்பத்தை ஏறக்குறைய முழுவதுமாக இந்தத் தடுமாற்றத்தின் மேல் கட்டியது. ஆல்பத்தின் பெயர் ‘சூவ்லாக்கி’. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடம். ‘ட்ரீம் பாப்’ என்கிற கனவுத்தன்மையான இசையை எங்கே தொடங்கிக் கேட்கலாம் என்று யார் கேட்டாலும் நான் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். இதில் கனவு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் சுவை இன்னும் கூடும் என்பது என் அனுபவம்.

ஒலி, காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரைப் பார்த்துக் கை தட்டினால், தட்டல் போய்த் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். தனியாகக் காதில் விழும் அதை எதிரொலி என்கிறோம். ஆனால் கல்மண்டபத்துக்குள் தட்டினால் தூண், கூரை, தரை என்று நூறு பக்கத்திலிருந்து நூறு பிரதிகள் முந்தியும் பிந்தியும் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ண முடியாது, ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். இதற்குத்தான் ரிவெர்ப் என்று பெயர். பாடகர் கார்வை பிடிப்பது தன் மூச்சால். மண்டபம் யாருடைய மூச்சும் இல்லாமலே எல்லாவற்றுக்கும் கார்வை கொடுத்துவிடுகிறது.

மண்டபத்தை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவர ரொம்ப நாள் பாடுபட்டார்கள். 1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் செய்த கருவியில் ஒரு பெரிய எஃகுத் தகடு தொங்கும். பாட்டை அதில் அதிரவிட்டு, அந்த அதிர்வைத் திரும்பப் பதிவு செய்வார்கள். எடை 270 கிலோவுக்கு அருகில். பின்னாளில் அதே வேலையைச் சில்லுகள் செய்யத் தொடங்கின. 1980களின் கடைசியில் தடித்த புத்தகம் அளவுள்ள ஒரு பெட்டி போதும் என்றாகிவிட்டது. யமஹா எஃப்எக்ஸ்500 அப்படி ஒரு பெட்டி. ஸ்லோடைவின் நீல் ஹால்ஸ்டெட் அதை வாங்கினார். அதற்குள் தயாராக வைத்திருந்த ஒலியமைப்புகளில் ஒன்றின் பெயர் ‘சாஃப்ட் ஃபோகஸ்’. கேமராக்காரர்களின் சொல் அது. பழைய படங்களில் லென்ஸ் முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டி, கதாநாயகி முகத்தைப் பனி மூடியது போல எடுப்பார்களே, அதேதான். அந்த ஒலியமைப்பு ‘சூவ்லாக்கி’ முழுக்கப் பரவியிருக்கிறது. இன்று அந்தச் சத்தம் வேண்டும் என்பவர்களுக்காக அதே பெயரில், காலால் மிதித்து இயக்கும் தனி பெடலே விற்கிறது.

ரிவெர்ப் முடிவை நீட்டும். அதனுடன் கோரஸ் சேரும். ஒரே சுரத்தின் பிரதியை இம்மியளவு சுருதி விலக்கி, இம்மியளவு தாமதித்து மூலத்துடன் கலப்பது அது. இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடிக்கும்போது ஓசைக்கு ஓர் அகலம் வருகிறதே, அது இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இல்லாததால் வருவது. இவற்றுக்கெல்லாம் மேலே கிட்டாரின் வால்யூமைத் திறக்காமல் தந்தியை மீட்டி, பிறகு மெதுவாகத் திறந்தால் அந்த ‘டிங்’ காணாமல் போகும். தொடக்கம் கரைந்து, முடிவு நீண்டு, கிட்டார் தன் முகத்தை மறைத்துக்கொண்டுவிடும். இந்தப் பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டு வாசித்ததால்தான் இவ்வகைக் குழுக்களுக்கு ‘ஷூகேஸ்’, அதாவது காலணியைப் பார்ப்பது, என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

கருவி மட்டும் இருந்தால் ஆல்பம் ஆகாது. ஹால்ஸ்டெட்டும் குழுவில் உடன் பாடிய ரேச்சல் காஸ்வெல்லும் சிறு வயது முதல் நண்பர்கள், பிறகு காதலர்கள். இந்த ஆல்பம் உருவான காலத்தில் பிரிந்துவிட்டார்கள். ஹால்ஸ்டெட் வேல்ஸில் ஒரு குடிசைக்குத் தனியே போய் உட்கார்ந்து எழுதினார். திரும்பி வந்து இருவரும் ஒரே குழுவில், அந்தப் பிரிவைப் பற்றிய பாட்டுகளைச் சேர்ந்தே பாடினார்கள். குரல்களைக் கிட்டாருக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்திருக்கிறார்கள். சொல் பாதிதான் புரியும். அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது கதவிடுக்கில் கேட்பது போல. எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே இந்த இடைவெளிதான். துக்கத்தை உரக்கச் சொல்லியிருந்தால் நான் இத்தனை ஆண்டு இதைக் கேட்டிருக்க மாட்டேன்.

முதல் பாட்டு ‘ஆலிசன்’ எளிதில் உள்ளே அழைத்துக்கொள்ளும். ‘சிங்’ பாட்டில் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ கைகொடுத்திருக்கிறார். ஆல்பத்தையே தயாரித்துத் தரக் கேட்டதற்கு மறுத்தவர், சில நாள் சேர்ந்து வாசிக்க மட்டும் சம்மதித்தார். அதில் விளைந்தவை இதுவும் ‘ஹியர் ஷீ கம்ஸ்’ பாட்டும். ‘சூவ்லாக்கி ஸ்பேஸ் ஸ்டேஷன்’ ஜமைக்காவின் டப் இசையிடம் பாடம் படித்தது. கிட்டார் ஒருமுறை ஒலித்துவிட்டு, தன் எதிரொலியைத் தானே துரத்திக்கொண்டு ஓடும். ‘வென் த சன் ஹிட்ஸ்’ பாட்டை மட்டும் ஹெட்போனில், இரவில், வேறு வேலை எதுவும் இல்லாமல் கேளுங்கள். அமைதியாக நடந்துகொண்டே வந்து, திடீரென அணை திறந்தது போல எல்லாக் கிட்டார்களும் ஒன்றாக எழும். சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்தும் காதை அடிக்காது. கூர்முனை எல்லாம் முன்பே மழுங்கடிக்கப்பட்டுவிட்டதே.

வெளிவந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதைக் கிழித்துத் தொங்கவிட்டன. பிரிட்பாப் என்ற புதிய பாணியின் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. 1995இல் அடுத்த ஆல்பம் ‘பிக்மேலியன்’ வெளியான சில நாட்களிலேயே அவர்களின் இசையை வெளியிட்டுவந்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் குழுவைக் கைவிட்டது. 2014இல் மீண்டும் ஒன்றுசேர்ந்து மேடையேறியபோது, கேட்க வந்தவர்களில் பலர் ‘சூவ்லாக்கி’ வந்த பிறகு பிறந்தவர்கள்.

கேட்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். ஒன்பது பாட்டு வரை பனிமூட்டம்தான். பத்தாவதான ‘டாகர்’ தொடங்கும்போது பெட்டி, பெடல் எல்லாம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல ஹால்ஸ்டெட்டின் குரல், எங்கோ பின்னால் காஸ்வெல். ஒன்பது பாட்டாக மறைந்திருந்த அந்த ‘டிங்’, தந்தியில் விரல் படும் அந்தச் சின்னக் கீறல், அப்போது தெளிவாகக் கேட்கும்.